விடுதி வாசலில் ஒரு தகப்பன்

கடந்த தவக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொட்டாஞ்சேனைப் புனித லூசியாள் பேராலயத்தில் காலைப் பூசை முடிந்து சனங்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில் உள்ள ஒரு மாணவர் விடுதியில் அன்று நமக்கு அலுவல் இருந்தது. வாசலில் நமக்கு நன்கு தெரிந்த ஒரு கமக்காரர் நின்றார். முதல்நாள் இரவு யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறி, விடியற்புறம் புறக்கோட்டையில் இறங்கி, நடந்தே வந்திருக்கிறார். காலடியில் ஓர் உரப்பை. அதற்குள் முருங்கைக்காய்க் கட்டு, ஒடியல் மா, பனங்கட்டிக் குட்டான் இரண்டு, வீட்டில் இடித்த மிளகாய்த்தூள் ஒரு போத்தல். பெற்றோர் பிள்ளைகளைப் பார்க்கும் நேரம் பத்து மணிக்குத்தான் தொடங்கும். இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.

"மகனைப் பார்க்க வந்தனீங்களோ?" என்று கேட்டோம்.

"பார்க்க இல்லை பாதர். கூட்டிக்கொண்டு போக வந்தனான்."

நாம் திடுக்கிட்டோம். நான்கு வருடங்களுக்கு முன் அந்தப் பிள்ளையை இந்த விடுதியில் சேர்க்கும்படி கடிதம் எழுதிக் கொடுத்தவர்கள் நாமே. தகரக் கூரையின் கீழ், ஒரு மேசை போடவும் இடமில்லாத முகாம் கொட்டிலில் இருந்து அவன் எப்படிப் படிப்பான் என்று தாயிடம் வாதாடியவர்களும் நாமே. வெள்ளவத்தையில் இருக்கும் அவனுடைய பெரியம்மா கட்டணத்தில் ஒரு பங்கைத் தருவதாகச் சொன்னதால் காரியம் ஒப்பேறியது.

தகப்பன் விபரம் சொன்னார். அவருடைய ஊர் வலிகாமம் வடக்கில். 1990 ஆம் ஆண்டு யூன் மாதம் ஊர் முழுவதும் வெளியேறியபோது அவருக்குப் பத்து வயது. முகாமிலேயே வளர்ந்து, முகாமிலேயே கலியாணம் முடித்து, பிள்ளைகளையும் அங்கேயே பெற்றவர். தோட்டக் காணி பதினான்கு பரப்பு. நல்ல செம்மண். தகப்பனார் உறுதியைத் தலையணைக்குக் கீழ் வைத்துக்கொண்டே கண்ணை மூடினார். இப்போது அந்தக் காணி விடுவிக்கப்பட்டுவிட்டது. ஆனால் எல்லைக்கல் இல்லை. கிணற்றுக்குள் கல்லும் முள்ளுக் கம்பியும். ஆள் உயரத்துக்குப் பற்றை. கூலிக்கு ஆள் பிடிக்கக் காசில்லை.

"ரெண்டு கை காணாது பாதர். இவனுக்குப் பதினைஞ்சு வயசு முடிஞ்சுது. இவன் வந்தால் அடுத்த போகத்துக்கு ஒரு நாலு பரப்பு வெங்காயமாவது வைக்கலாம். காணி கிடைச்ச நேரம் பிள்ளை கொழும்பில. பிறகு ஆருக்குக் காணி?"

இதற்கு உடனே பதில் சொல்ல நம்மால் முடியவில்லை. எமது கிராமக் கூட்டங்களில் வழக்கமாகக் கேட்கப்படுவது இதற்கு நேர்மாறான கேள்வி. "பாதர், கொழும்பில் ஒரு போர்டிங்கில பொடியனைச் சேர்த்துவிட மாட்டீங்களோ?" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் இரண்டு மூன்று தாய்மார் கேட்பார்கள். இரு கேள்வியும் ஒரே முற்றத்திலிருந்து எழுபவை. வாசலில் நின்ற அந்த முக்கால் மணி நேரத்தில் நம் மனதில் ஓடியவற்றையும் அதன்பின் நடந்ததையும் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

பெயரையும் மாற்றிய விடுதிகள்

பிள்ளையை வீட்டிலிருந்து பிரித்து, ஓரிடத்தில் தங்கவைத்துப் படிப்பிக்கும் முறை எம்மவருக்குப் புதியதல்ல. அதுவும் இந்தக் கமக்காரரின் செம்மண்ணுக்கு அருகிலேயே வேரூன்றியது. 1816 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷனரிமார் முதலில் நிலைகொண்ட இடங்கள் தெல்லிப்பழையும் வட்டுக்கோட்டையும். 1823 இல் அவர்கள் வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் இருந்த ஒரு கொடையாளி ஒரு பிள்ளையின் செலவைப் பொறுப்பேற்றால், அவர் விரும்பிய பெயர் அந்தப் பிள்ளைக்கு வைக்கப்படும். இப்படித்தான் நம் ஊர்ச் சதாசிவம்பிள்ளை ஆர்னோல்ட் ஆனார். அவரே பின்னர் 1886 இல் 'பாவலர் சரித்திர தீபகம்' என்ற நூலைத் தந்தவர். தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தொகுத்தவர், தன் பெயரில் பாதியை விடுதியில் விட்டுவிட்டு வந்தவர் என்பதை நாம் அடிக்கடி நினைப்பதுண்டு. விடுதி எதைக் கொடுக்கிறது, எதை எடுத்துக்கொள்கிறது என்ற கணக்கு அன்றே தொடங்கிவிட்டது.

கத்தோலிக்கர் பக்கத்தில் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரி 1850 ஆம் ஆண்டிலிருந்து வருகிறது. தீவுப்பகுதி, மன்னார், வன்னி எங்கும் இருந்து பிள்ளைகள் அங்கே தங்கிப் படித்தார்கள். 1936 முதல் 1954 வரை அதிபராக இருந்த லோங் அடிகளார் தன் பாடசாலையோடு நின்றுவிடாமல், யாழ்ப்பாணம் பொது நூலகக் கட்டடத்துக்காகவும் ஓடியோடி உழைத்தவர்.

விடுதிகளைப் பற்றிப் பேசும்போது சாப்பாட்டு மேசையைப் பற்றிப் பேசாமல் விடமுடியாது. 1920களின் இறுதியிலும் 1930களின் தொடக்கத்திலும் பாடசாலைகளில் சம ஆசனம், விடுதிகளில் சமபந்தி என்ற பேச்சு எழுந்தபோது யாழ்ப்பாணம் கொதித்தது. பிள்ளைகளை மறித்த பெற்றோரும் உண்டு, கொட்டகைகளுக்குத் தீ வைத்தவர்களும் உண்டு. இன்று முகாமில் ஒரே குழாயில் தண்ணீர் எடுக்கும் எம் மக்களுள்ளும் அந்தப் பழைய கணக்கு முற்றாக அழிந்துவிடவில்லை. ஆனால் ஒரே வாங்கில் இருந்து ஒரே பானைச் சோற்றைச் சாப்பிட்ட பையன்கள் பெரியவர்களாகிய பின் அந்தக் கணக்கை அவ்வளவு இலகுவாகப் பார்ப்பதில்லை. விடுதி செய்த நன்மைகளில் இதையே நாம் முதலில் வைப்போம். பரீட்சைப் பெறுபேறு இரண்டாவதுதான்.

கொட்டாஞ்சேனைக்கு வருவோம். இங்குள்ள புனித பெனடிக்ற் கல்லூரி 1865 ஆம் ஆண்டைத் தன் பிறப்பாண்டாகக் கொள்வது. டி லா சால் சகோதரர்களின் பெயரோடு சேர்த்தே இப்பகுதி மக்கள் அதை அறிவார்கள். புனித ஜோன் பப்திஸ்து டி லா சால் (1651 – 1719) பிரான்சு நாட்டின் ரைம்ஸ் நகரில் வசதியான குடும்பத்தில் பிறந்த குரு. ஏழைப் பிள்ளைகளுக்குப் படிப்பித்த, தாங்களே அரைகுறையாகப் படித்த ஆசிரியர்களைத் தன் வீட்டுக்குச் சாப்பாட்டுக்கு அழைத்தார். பிறகு தன்னுடன் தங்கவைத்தார். கடைசியில் தன் சொத்தையும் பதவியையும் விட்டு அவர்களில் ஒருவரானார். 1680 ஆம் ஆண்டளவில் உருவான அந்தச் சபையில் குருக்கள் இல்லை, சகோதரர்கள் மட்டுமே. இலத்தீனில் வாசிக்கத் தொடங்கும் வழக்கத்தை மாற்றி, பிள்ளை வீட்டில் பேசும் மொழியில் வாசிப்பைத் தொடங்கியது அவருடைய பெரும் மாற்றம். தாய்மொழிக் கல்வி என்று நாம் இன்று மேடையில் பேசுவதை அவர் முந்நூறு வருடங்களுக்கு முன் வகுப்பறையில் செய்தார்.

இதே சகோதரர்கள்தான் ராகமைக்கு அண்மையில் தியகலவில் வறிய இளைஞர்களுக்காக 'போய்ஸ் டவுண்' நடத்தி வந்தவர்கள். அங்கேயும் தங்கித்தான் படிக்க வேண்டும். ஆனால் பாடம் கமமும் கால்நடையும் பட்டறை வேலையும். விடுதி என்றால் மேசை உத்தியோகத்துக்கு ஏறும் படிக்கட்டு என்று மட்டும் நினைக்கும் பெற்றோர் இதையும் அறிந்திருப்பது நல்லது.

அரசாங்கமும் ஒரு காலத்தில் கிராமத்துப் பிள்ளைக்கு விடுதி கொடுத்தது. ரந்தொம்பை என்ற தென்பகுதிக் கிராமத்தில் பிறந்து, புலமைப்பரிசில் பெற்றுக் காலி றிச்மண்ட் கல்லூரிக்குப் போனவர் சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கரா. அவர் கல்வி அமைச்சராக இருந்த காலத்தில் கிராமங்களில் மத்திய பாடசாலைகள் எழுந்தன. புலமைப்பரிசில் பரீட்சையில் தேறிய ஏழைப் பிள்ளை அங்கே இலவசமாகத் தங்கிப் படித்தது. 1945 இல் இலவசக் கல்வி வந்தது. இன்றும் உங்கள் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பில் எழுதும் பரீட்சையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெற்ற மிஷன் பாடசாலைகள் அரசின் கைக்குப் போயின. கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுக்குள் புகுந்து இரவும் பகலும் அங்கேயே இருந்தார்கள். பம்பாயிலிருந்து கர்தினால் கிராசியாஸ் வந்து பேசிய பின்பே அவர்கள் வெளியேறினார்கள். அது சரியா பிழையா என்ற விவாதம் இங்கே வேண்டாம். சிறிய ஊர்களில் இருந்த பல விடுதிகள் அதன்பின் மெல்ல மெல்லத் தேய்ந்தன என்பதே நம் கதைக்கு வேண்டியது. ஏழைக் கமக்காரனின் பிள்ளை தங்கிப் படிக்க ஊருக்கு அண்மையில் இருந்த இடங்கள் குறைந்தன. பெரிய நகரங்களில் இருந்தவை மிஞ்சின.

நெல்லுக் கட்டணம்

நாமும் ஒரு காலத்தில் விடுதிப் பிள்ளைதான். 1991 முதல் 1995 வரை குடாநாட்டில் ஒரு விடுதியில் இருந்தோம். மின்சாரம் இல்லாத காலம். மண்ணெண்ணெய் பொன்னைப் போல. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அதன் மேல் கொஞ்சம் எண்ணெய், ஒரு திரி. அந்த விளக்கைச் சுற்றி நான்கு பேர் புத்தகத்தோடு இருப்போம். புத்தகத்தைச் சற்று இழுத்தால் மற்றவனுக்கு இருட்டு. ஆகவே நான்கு பேரும் ஒரே வேகத்தில் வாசிக்கப் பழகினோம். சவர்க்காரம் கிடைக்காதபோது பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தோம். வெள்ளைச் சேட்டு மஞ்சளாகி வரும், எறும்பும் மொய்க்கும். பொம்மர் இரைந்தால் பொறுப்பாளர் விசில் ஊதுவார். சாப்பாட்டுக் கோப்பையோடு பதுங்குகுழிக்குள் இறங்கிய நாட்களும் உண்டு.

எங்கள் வீடு வன்னியில். தகப்பனார் நெல்லுச் செய்தவர். காசாகக் கட்ட வழியில்லாத பெற்றோரிடம் அந்த விடுதி நெல்லாக வாங்கியது. தகப்பனார் மூட்டையைச் சைக்கிளில் கட்டி, கிளாலிக் கடனீரேரியை இரவில் வள்ளத்தில் தாண்டி வருவார். அந்தக் கடலில் அக்காலத்தில் எத்தனை பேர் மாண்டார்கள் என்பதை எம் வாசகர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. வந்து இறங்கி, மூட்டையை நிறுத்துக் கொடுத்து, பற்றுச்சீட்டை மடித்து மடிக்குள் வைத்துக்கொண்டு, எங்களுடன் பத்து நிமிடம் பேசுவார். என்ன படிக்கிறாய் என்று அவர் கேட்டதாக ஞாபகம் இல்லை. மழை பெய்ததோ, மாடு கன்று போட்டதோ என்று ஊர்ச் செய்தி சொல்வார். அந்தப் பத்து நிமிடந்தான் எங்களை வயலோடு கட்டி வைத்திருந்தது என்பது பிறகுதான் விளங்கிற்று.

நல்லதை மட்டும் சொல்லி விட்டுவிட நமக்கு மனமில்லை. எங்கள் பக்கத்துக் கட்டிலில் ஒரு சின்னப் பையன் இருந்தான். இரவில் படுக்கையை நனைத்துவிடுவான். அதற்காகக் காலையில் எல்லார் முன்னிலையிலும் அடி வாங்குவான். நாம் அறுபது பேர் பார்த்துக்கொண்டு நின்றோம். அவனுடைய தாய் வந்தபோது அவனும் சொல்லவில்லை, நாமும் சொல்லவில்லை. கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளை, சொன்னால் அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். வறுமை ஒரு பிள்ளையின் வாயைப் பூட்டும் விதம் அது.

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு ஊரோடு நாமும் நடந்தோம். அதற்குள் பலர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். வன்னிப் பக்கத்துப் பையன்கள் முப்பத்தொரு பேர் மிச்சம். மழை. செம்மணி வெளியிலும் நாவற்குழிப் பாலத்திலும் சனம் நெருக்கியடித்து நின்றது. பொறுப்பாளர் ஒரு நீளக் கயிற்றை எங்கள் கைகளில் கொடுத்து, யாரும் விடக்கூடாது என்றார். ஒவ்வொரு சந்தியிலும் எண்ணினார். மறுநாள் மத்தியானம் கொடிகாமத்தில் எண்ணியபோதும் முப்பத்தொரு பேர். முன்பு அந்தச் சின்னவனை அடித்தவரும் இவரே. இரண்டையும் ஒரு மனிதரிடம்தான் பார்த்தோம், இரண்டையும் மறக்க முடியவில்லை.

ஆகவே பிள்ளையை விடுதியில் சேர்க்க நினைக்கும் பெற்றோரிடம் நாம் சில விடயங்களை வற்புறுத்திச் சொல்வதுண்டு. கட்டடத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். இரவில் பிள்ளைகளின் படுக்கை மண்டபத்துக்கு யார் பொறுப்பு, நோய் வந்தால் யார் கொண்டுபோவார், பிள்ளை விரும்பிய நேரம் வீட்டோடு பேச வழியுண்டா என்று கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். இலவசமாகச் சேர்க்கிறார்கள் என்பதற்காகக் கேட்கும் உரிமை போய்விடாது. பாடசாலைகளில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005 ஆம் ஆண்டிலேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. பிள்ளைக்குத் துன்பம் நேர்ந்தால் 1929 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம், அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். இந்த இலக்கத்தைப் பிள்ளைக்கும் மனப்பாடம் செய்து கொடுங்கள். தகப்பனும் தாயும் உயிரோடிருக்க, ஒருநேரச் சோறு மிஞ்சும் என்பதற்காக மட்டும் பிள்ளையை ஒரு இல்லத்தில் விட எண்ணுபவர்கள் முதலில் எம்மிடம் வாருங்கள். அந்தச் சோற்றுக்கு ஊரிலேயே வேறு வழி தேடலாம்.

வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும்

போர்க்காலத்தில் விடுதி என்பது படிப்புக்கு மட்டும் உரிய இடமாக இருக்கவில்லை. பிள்ளையை உயிரோடு வைத்திருக்கும் இடமாகவும் இருந்தது. மகனை எப்படியாவது கொழும்புக்கு அனுப்பிவிட வேண்டும் என்று காணியை ஈடுவைத்த பெற்றோர் எத்தனை பேர்! வவுனியாவில் பாஸ், கொழும்பில் பொலிஸ் பதிவு, இரவில் சுற்றிவளைப்பு. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜுகளில் ஒரு அறைக்குள் மூன்று குடும்பம் படுத்த காலம் அது. விடுதிப் பொறுப்பாளர் கொடுத்த ஒரு துண்டுக் கடிதம் பல பையன்களைப் பொலிஸ் நிலையத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது.

2007 ஆம் ஆண்டு யூன் 7 ஆம் திகதி விடியற்காலையில் அந்த லொட்ஜுகளிலிருந்து 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாப் பக்கமும் ஏனைய இடங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். வைத்தியத்துக்கு வந்தவர்கள், வெளிநாட்டுக்குப் போகக் காத்திருந்தவர்கள், வேலை தேடி வந்தவர்கள் அவர்களுள் இருந்தார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மறுநாளே நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. ஊரிலிருந்து இடம்பெயர்ந்தவன் இடம்பெயர்ந்த இடத்திலிருந்தும் இடம்பெயர்க்கப்படலாம் என்பதை அந்த விடியல் காட்டியது.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்தில் குண்டு வெடித்தபோது இந்தப் பகுதியே அதிர்ந்தது. கத்தோலிக்கப் பாடசாலைகள் வாரக்கணக்கில் மூடப்பட்டன. நாம் சொல்லும் இந்த விடுதியில் வாசற்கதவு நேரம் குறித்துத் திறக்கப்படுவதும், உரப்பை ஆனாலும் அவிழ்த்துக் காட்டவேண்டும் என்பதும் அதற்குப் பின் வந்த ஒழுங்குகள். பிறகு பெருந்தொற்று. பிறகு 2022 இன் பொருளாதார நெருக்கடி. காஸ் இல்லாமல் முற்றத்தில் விறகு வைத்துச் சமைத்தார்கள். எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் மூடப்பட்டபோது பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். திரும்பி வராதவர்களில் சிலர் இன்று கூலி வேலையில்.

பத்து மணி அடித்தது

கதவு திறந்தது. உள்ளே முப்பத்திரண்டு பிள்ளைகள். அட்டன் தோட்டப் பக்கத்துப் பிள்ளைகள், மன்னார்ப் பிள்ளைகள், சிலாபம், வென்னப்புவ பக்கத்துச் சிங்களம் பேசும் பிள்ளைகள். காலை ஐந்து மணிக்கு எழும்புகிறார்கள். தொட்டித் தண்ணீரில் குளியல், செபம், கூட்டித் துடைத்தல், பாணும் பருப்பும், பிறகு அவரவர் பாடசாலை. பின்னேரம் ஒரு மணி நேரம் பந்து. சமையலுக்கு முறை வைத்து இருவர் தேங்காய் துருவுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கைத்தொலைபேசி. அறிவிப்புப் பலகையில் அந்த மாதச் செய்திகள்: இருவர் உயர்தரத்தில் சித்தி, கரம் போட்டியில் யார் வென்றார், தொலைந்த ஒரு சப்பாத்தின் விபரம். அதற்கு மேல் முத்தையா முரளிதரனின் படம் ஒட்டப்பட்டிருந்தது. அவரும் விடுதிப் பிள்ளைதான், கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியில். எண்ணூறு விக்கெற்றைப் பற்றி அந்தப் பையன்களிடம் பேச்சுக் கொடுத்தால் மணிக்கணக்காக நிற்கவேண்டும்.

மகன் வந்தான். தகப்பனைவிட அரைச் சாண் உயரம். "அப்பா" என்றான். கூச்சம் இருவருக்கும். மற்றப் பையன்கள் உரப்பையைச் சுற்றி நின்று பனங்கட்டிக் குட்டானை உடைத்துத் தின்றார்கள். வென்னப்புவப் பையன் ஒருவன் ஓலைக் குட்டானை மணந்து பார்த்து ஏதோ கேட்க, இவன் சிங்களத்தில் சரளமாக விளக்கம் சொன்னான். தகப்பன் மகனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது ஒரு அந்நியனின் வாய் போலத் தோன்றியிருக்க வேண்டும்.

நாங்கள் மூவரும் சாப்பாட்டு மேசையில் இருந்தோம். காணிக் கதை வந்தது. "தம்பி, வீட்டை வாறியோ?" என்று தகப்பன் கேட்டார். பையன் ஒன்றும் சொல்லவில்லை. மேசையைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அவன் அந்த மண்ணில் ஒருநாளும் வாழ்ந்ததில்லை. அப்பப்பா சொன்ன கதைதான் அவனுக்குக் காணி. சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் ஒரு வருடமும் இல்லை. "கிணத்துத் தண்ணி நல்லதோ அப்பா?" என்று கடைசியில் கேட்டான். நல்லது, உப்பில்லை என்றார் தகப்பன்.

அப்போதுதான் அவர் சேட்டுப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு கடிதத்தை எடுத்து நம்மிடம் நீட்டினார். ஒரு அரச அலுவலகத்திலிருந்து மூன்று வாரத்துக்கு முன் வந்தது. முழுவதும் சிங்களம். ஊரில் இருவரிடம் காட்டினாராம். ஒருவர் காணி கிடைத்ததற்கான சான்றிதழ் என்றாராம், மற்றவர் பத்திரமாக வையுங்கள் என்றாராம். நமக்குச் சிங்களம் பேச வரும், அலுவலகச் சிங்களம் வாசிக்கத் தடுமாறுவோம். பையன் வாங்கினான். விரலை வைத்து வாசித்தான். முகம் மாறியது.

"இது சான்றிதழ் இல்லை அப்பா. அளக்க வருகினம். உறுதியின்ர மூலப் பிரதியோட காணிக்காரர் நேரில நிக்கவேணும். நிக்காட்டி எல்லையைப் பற்றிப் பிறகு ஆட்சேபம் சொல்ல ஏலாது எண்டு கிடக்கு."

"எண்டைக்கு?"

"வாற வியாழன்."

நான்கு நாள். தகப்பன் அந்தத் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தமிழர் பகுதிக்கு அனுப்பும் கடிதம் தமிழில் இருக்க வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். சட்டம் ஒரு பக்கம், தபால் இன்னொரு பக்கம். முப்பது வருடத்துக்கு மேல் காத்திருந்த காணி, வாசிக்கத் தெரியாத ஒரு தாளால் குறைந்துபோகப் பார்த்தது.

விடுதிப் பொறுப்பாளரான பிறதரிடம் நாமே போய்ப் பேசினோம். அவர் பையனின் பாடசாலைக்கு ஒரு கடிதம் எழுதி, ஐந்து நாள் விடுமுறை பெற்றுக் கொடுத்தார். திரும்பி வந்ததும் தவறிய பாடத்தை யார் சொல்லிக் கொடுப்பது என்பதையும் அங்கேயே ஒழுங்கு செய்தார். பெட்டியைக் கட்ட வேண்டாம், ஒரு பை போதும் என்றார். தகப்பன் மறுக்கவில்லை. இருவரும் பின்னேரம் வெள்ளவத்தைக்குப் போய்ப் பெரியம்மாவிடம் சொல்லிவிட்டு, அன்றிரவே பஸ் ஏறினார்கள்.

இரு வாரத்துக்குப் பின் நாம் அந்த ஊருக்குப் போயிருந்தோம். கிணறு பாதி துப்புரவாகியிருந்தது. பக்கத்துக் காணிக்காரர்கள் இருவரும் தகப்பனும் முறைவைத்து ஒருவர் காணியில் மற்றவர் பற்றை வெட்டுவதாகச் சேர்ந்திருந்தார்கள். ஒரு பரப்பில் வெங்காயப் பாத்தி போட்டாயிற்று. பதினான்கு பரப்பு என்று உறுதி சொல்லும் காணி, அளந்தபோது பன்னிரண்டரைதான் வந்ததாம். மிச்சம் ஒன்றரைப் பரப்பு இன்னமும் முள்ளுக் கம்பிக்கு அந்தப் பக்கம். பையன் அன்று அங்கே நின்று, அளந்தவர்களோடு சிங்களத்தில் பேசி, ஆட்சேபத்தைப் பதிவு செய்வித்திருக்கிறான்.

அவன் இப்போது கொட்டாஞ்சேனையில். மேன்முறையீட்டை எழுதிக்கொண்டிருக்கிறான். முதல் பிரதியில் பதினொரு எழுத்துப் பிழை இருந்ததாகவும், வென்னப்புவப் பையன் திருத்திக் கொடுத்ததாகவும் பிறதர் தொலைபேசியில் சொன்னார். இரண்டாம் பிரதி இந்தக் கிழமை தகப்பனின் கையொப்பத்துக்கு வருகிறது.